பொறி கீறும் கோடு

கேத்திரகணிதத்திற் கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னர் யூக்கிளிட்டு வகுத்த இவ்வரைவிலக்கணத்தைப் பாடசாலையில் மனனஞ் செய்யாத மாணவர் அரியர். அதே வகுப்பில், அதே வேளையில், ஆசிரியர் கரும்பலகையில் வெண்கட்டியாற் கீறும் கோடு விரற்கடை அகலத்துக்குக் கிடக்கும். அதையிட்டு எந்த மாணவனும் முறைப்பாடு செய்ததில்லை. கண் அகலத்தைக் காண்கிறது. மனம் அதனைக் கழித்துவிட்டு எஞ்சிய நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எழுதுவோனுக்கும் பார்ப்போனுக்கும் இடையில் எழுதப்படாத ஓர் உடன்பாடு இருப்பதாலேயே இது நிகழ்கின்றது.

கணனிக்கு இவ்வுடன்பாடு தெரியாது. அதற்குக் கோடு கீறச் சொல்பவர், எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பவற்றோடு நின்றுவிட முடியாது. எத்தனை அகலம், முனை எத்தகையது, இரு கோடுகள் சந்திக்கும் மூலை கூரானதா மழுங்கியதா, கோடு தொடர்ச்சியானதா முறிந்ததா என்பனவெல்லாம் யாரோ ஒருவராற் சொல்லப்பட்டாக வேண்டும். கையாற் கீறும்போது கேட்கப்படாமலே விடை பெற்ற வினாக்கள் இவை. கணனியிற் படம் வரையும் செய்நிரல்களின் வரலாற்றிற் பெரும்பங்கு இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாறே எனலாம். கலைப்பீடத்தில் இருப்போர்க்கு இதனோடு என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். தேசப்படமும் காணி உறுதியும் அச்செழுத்தும் இன்று இக்கோடுகளால் ஆனவை என்பதே போதிய விடையாகும்.

முதல் வினா, கோடு எப்புள்ளிகளின் வழியே செல்கின்றது என்பது. இலத்திரன் கற்றையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேரே ஓட்டிக் கோடு காட்டிய திரைகள் ஒரு காலத்தில் இருந்தன. இன்று புழக்கத்திலுள்ள திரைகள் சதுரக் கட்டங்களாக அடுக்கப்பட்ட புள்ளிகளால் ஆனவை. வலப்புறமாக 8 கட்டங்களும் மேற்புறமாக 3 கட்டங்களும் சென்று முடியும் ஒரு கோட்டை எண்ணிப் பார்க்கலாம். தொடக்கத்திலும் முடிவிலும் அது புள்ளிகளின் மீது சரியாக அமர்ந்திருக்கும். இடையிலுள்ள ஏழு நிரல்களிலும் அது எந்தப் புள்ளியையும் தொடாது, இரு புள்ளிகளுக்கு இடையே புகுந்து செல்லும். ஒவ்வொரு நிரலிலும் மேற்புள்ளியா கீழ்ப்புள்ளியா எனத் தேர வேண்டும். திரையில் நேர்கோடு என்று காண்பது உண்மையில் இத்தேர்வுகளின் வரிசை.

இத்தேர்வுக்கு மிகச் சிக்கனமான வழியைக் கண்டவர் ஜக் பிறெசன்ஹாம். 1962 இல் கலிபோர்ணியாவின் சன் ஹொசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் அவர் பணியாற்றினார். அங்கிருந்த ஐ.பி.எம். 1401 கணனியுடன் கல்கொம்ப் என்னும் வரைபொறி ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. பேனா தாளில் ஒரு சிறு படி நகரும். எட்டுத் திசைகளுள் ஒன்றில் மட்டும் நகரும். அக்காலக் கணனியிற் பெருக்கலும் வகுத்தலும் நேரத்தை விழுங்கும் வேலைகள். எனவே முழுவெண்களைக் கூட்டியும் கழித்தும் மட்டுமே பேனாவை வழிநடத்தும் முறையொன்றை அவர் வகுத்தார். 1965 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் கணனி வரைகலை கற்கும் மாணவர் முதலிற் கற்கும் பாடங்களுள் ஒன்றாக அது இருந்துவருகின்றது.

அம்முறையைக் கடைக்கணக்கு எழுதத் தெரிந்த எவரும் விளங்கிக்கொள்வர். மேற்சொன்ன கோட்டையே எடுத்துக்கொண்டால், வலப்புறம் ஒரு படி வைக்கும்போதெல்லாம் கடன் 3 ஏறும். கடன் 8 இன் பாதியாகிய 4 ஐத் தாண்டும்போது ஒரு படி மேலே ஏறி, 8 ஐக் கழித்துவிட வேண்டும். முதற்படியிற் கடன் 3, ஏறத் தேவையில்லை. இரண்டாம் படியில் 6; ஏறினாற் கடன் −2 ஆகின்றது. மூன்றாம் படியில் 1. நான்காம் படியில் 4. ஐந்தாம் படியில் 7, ஏற −1. ஆறாம் படியில் 2. ஏழாம் படியில் 5, ஏற −3. எட்டாம் படியிற் கணக்குச் சுழியமாகி முடிகின்றது. மூன்று முறை ஏறியாயிற்று. கோடும் சென்றடைய வேண்டிய இடத்தைச் சென்றடைந்துவிட்டது. பெருக்கல் இல்லை, பின்னம் இல்லை. இத்தனை எளிமையைக் காண்கையில் ஓர் அழகுணர்ச்சி தோன்றுவதைத் தடுக்க முடியாது.

ஆயினும் நான்காம் படியிற் சற்று நின்று நோக்க வேண்டும். அங்கே கடன் 4, சரிபாதி. கோடு மேற்புள்ளிக்கும் கீழ்ப்புள்ளிக்கும் நட்டநடுவே செல்கின்றது. எது அண்மையது என்ற கேள்விக்குக் கணிதத்தில் விடையில்லை. தாண்டினால் ஏறுக என விதி சொல்வதால் பொறி கீழ்ப்புள்ளியைக் கொள்கின்றது. இப்பொழுது அதே கோட்டை மறுமுனையிலிருந்து, அதாவது மேலிருந்து கீழ்நோக்கி, அதே விதிப்படி கீறினால் நான்காம் படியிற் கடன் மீண்டும் 4 ஆகும். பொறி மீண்டும் இறங்காமல் நிற்கும். ஆனால் இம்முறை அது நிற்பது மேற்புள்ளியில். போன வழியும் வந்த வழியும் ஒரு புள்ளியில் வேறுபடுகின்றன. ஒரு முனையிலிருந்து கீறிய கோட்டை மறுமுனையிலிருந்து அழித்தால் நடுவில் ஒற்றைப் புள்ளி எஞ்சி நிற்கும். அழித்த இடத்தில் ஈ இருந்ததுபோல் ஒரு கறை. இதற்குப் பரிகாரம் எளிது: எவ்விதம் கட்டளை வந்தாலும் இடப்புற முனையிலிருந்தே தொடங்குக என ஒரு விதி சேர்த்தாற் போதும். ஆனால் இடப்புறம் ஏன், வலப்புறம் ஏன் கூடாது என்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. யாரோ ஒருவர் அவ்வாறு தீர்மானித்தார் என்பதே காரணம்.

புள்ளியிட்டுக் கோடு இழுப்பது தமிழ்ப் பெண்கள் வாசலில் நெடுங்காலம் செய்துவந்த காரியம் என்பதையும் இவ்விடத்தே குறிப்பிடலாம். கோலத்தில் நிலைமை தலைகீழ். திரையிற் கோடு புள்ளிகளின் மேலாகச் செல்கின்றது. கம்பிக்கோலத்திற் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்கின்றது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ற் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரிதிவாசனும் கோலங்களின் அமைப்பை இலக்கண விதிகளாக எழுதிக்காட்டும் ஆய்வுக் கட்டுரையொன்றை 1974 இல் கணனி வரைகலை ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். கோலத்தின் வடிவம் இவ்வாறு விதியாயிற்று. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவை எவ்வளவு நெகிழவிடுவது என்பதோ இன்னும் விரல்களிடமே இருக்கின்றது.

அந்த நெகிழ்வு, அதாவது கோட்டின் அகலம், பொறியிடம் படும் பாடு பெரிது. கிடையாகச் செல்லும் 100 கட்டக் கோட்டில் 100 புள்ளிகள் இருக்கும். மூலைவிட்டமாக, 45 பாகையிற் சென்று அதே 100 நிரல்களைக் கடக்கும் கோட்டிலும் 100 புள்ளிகளே இருக்கும். ஆனால் அதன் நீளம் ஏறத்தாழ 141 கட்டங்கள். அதே மை கூடிய தூரத்துக்குப் பரவுவதால் சாய்கோடு வெளிறித் தோன்றும். படிப்படியாகத் தெரியும் விளிம்பையும் இந்த வெளிறலையும் மறைக்கப் பிற்காலத்தவர் சாம்பல் நிறத்தைத் துணைக்கழைத்தனர். கோட்டின் இருமருங்கிலும் உள்ள புள்ளிகளுக்கு அண்மைக்கு ஏற்பக் கருமையைப் பங்கிடும் விரைவான முறையொன்றை 1991 இல் சியாவோலின் வூ வெளியிட்டார். பங்கிடுவதிலும் ஒரு விபரீதம் உண்டு. இன்றைய வரைமுறைகள் பலவற்றில் எண்கள் புள்ளியின் நடுவைக் குறிப்பதில்லை. இரு புள்ளிகளுக்கு இடையிலான விளிம்பையே குறிக்கின்றன. ஆகவே 5 என்ற இடத்தில் ஒரு புள்ளி அகலத்தில் நிலைக்கோடு இடுமாறு பணித்தால், அக்கோடு இடப்புள்ளியிற் பாதியையும் வலப்புள்ளியிற் பாதியையும் பிடித்துக்கொள்ளும். கேட்டது ஒரு கருங்கோடு. கிடைப்பது இரட்டை அகலமான சாம்பற்கோடு. 5.5 என்று சொல்லக் கற்றுக்கொள்ளும்வரை புதியவர்கள் திகைப்பது வழக்கம்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த அரைப்பங்கு விவகாரம் புதிதன்று. வேலி யாருடைய காணியில் நிற்கின்றது என்ற வழக்கு அது. எல்லையின் நடுவே கதியால் நட்டால் இரு பகுதியாரும் அரைக்கதியால் அகலத்தை இழக்கின்றனர்; உள்ளே தள்ளி நட்டால் ஒருவர் முழுவதையும் இழக்கின்றார். உறுதியில் உள்ள எல்லைக்கு அகலமில்லை, வேலிக்கு உண்டு. வழக்குகள் விளைவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில்.

காணி அளவைப் படங்களை ஆண்டாண்டு காலம் கையாற் கீறி ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர் இதனை நன்கறிவார். அவருடைய மேசையில் மைப்பேனாக்கள் 0.25, 0.35, 0.5, 0.7 மில்லிமீற்றர் என வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. தாளின் அளவுகளும் அவ்விகிதத்திலேயே வளர்கின்றன என்பதால், ஏ4 தாளிற் கீறிய படத்தை ஏ3 தாளுக்குப் பெருப்பித்தால் 0.25 கோடு 0.35 ஆகிவிடும், அதன்மேல் அடுத்த பேனாவால் தொடர்ந்து கீறலாம். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் 0.25 மில்லிமீற்றர்க் கோடு தரையில் 25 சென்ரிமீற்றரை மூடிக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு சாண் நிலம் மைக்குள் மறைந்து கிடக்கின்றது. எல்லை அந்த மையின் நடுவே ஓடுகின்றது எனக் கொள்வது அவருடைய தொழில் வழக்கம். கணனியும் இந்த ஒன்றில் அவரோடு உடன்படுகின்றது. கொடுத்த பாதையை நடுவாக வைத்து இருபுறமும் அரையரை அகலத்தைப் பரப்புகின்றது.

மூலைகளில் அந்த உடன்பாடு முறிந்தது. படவரைஞரின் மகள் பல்கலைக்கழகத்திற் புவியியல் கற்பவள். ஆய்வுக்கட்டுரைக்காகத் தன் ஊர்ப்பகுதியின் படத்தைச் செய்நிரல் எழுதி வரைந்து விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு ஒழுங்கைகள் கூடுமிடத்தில் இருபது பாகை அளவான கூர்மூலையோடு ஒரு காணித்துண்டு இருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தகப்பனார் அவ்விடத்தில் விரலை வைத்தார்.

“உந்த முனையை ஏன் பிள்ளை வெட்டினனீ?”

“நான் வெட்டேல்லை அப்பா. அது தானாய் வெட்டிப்போட்டுது.”

“தானாய் வெட்டச் சொல்லி அதுக்கு ஆர் சொன்னது?”

இக்கேள்விக்கு விடை உண்டு. அது 1980களின் நடுப்பகுதிக்குச் செல்கின்றது. ஜோன் வார்னொக், சார்ள்ஸ் கெஷ்கி ஆகியோர் 1982 இல் நிறுவிய அடோபி நிறுவனம் போஸ்ற்ஸ்கிறிப்ற் என்னும் பக்கவிவரண மொழியை உருவாக்கியபோது, கோட்டின் குணங்கள் தனித்தனிக் கட்டளைகளாயின. அகலம் ஒன்று. முனை மூவகை: வெட்டினாற்போல் முடிவது, அரைவட்டமாக முடிவது, அரை அகலம் நீண்டு சதுரமாக முடிவது. மூலையும் மூவகை: கூரானது, உருண்டது, சீவப்பட்டது. கூர்மூலையில் ஒரு தொல்லை உண்டு. கோணம் ஒடுங்க ஒடுங்க, கோட்டின் வெளிவிளிம்புகள் சந்திக்கும் முனை நீண்டுகொண்டே போகும். 5 பாகைக் கோணத்தில், உள்மூலையிலிருந்து முனைவரை கோட்டின் அகலத்தைப்போல் ஏறத்தாழ 23 மடங்கு நீளமான முள் ஒன்று படத்திற் குத்திட்டு நிற்கும். ஆகவே ஒரு வரம்பு வைத்தனர்: அகலத்தின் இத்தனை மடங்கைத் தாண்டினால் முனையைச் சீவிவிடுக. எவரும் எதுவும் சொல்லாதவிடத்து அவ்வரம்பு 10 எனக் கொள்ளப்பட்டது, ஏறத்தாழ 11.5 பாகைக்கு மேற்பட்ட மூலைகள் கூராகவே இருக்கும். 2001 இல் நியமமாக வெளிவந்த எஸ்.வி.ஜி. என்னும் பட வடிவம் அதே வரம்பை 4 எனக் கொண்டது. அங்கே 29 பாகைக்குக் குறைந்த மூலைகளெல்லாம் சீவப்படும். மகள் பயன்படுத்தியது இப்பிந்திய வடிவம். அவளுடைய இருபது பாகை மூலை ஒன்றிற் கூராயிருக்கும், மற்றொன்றில் மழுங்கும். கேட்காதவருக்காக முன்கூட்டியே விடை எழுதி வைத்தவர்கள் வெவ்வேறு விடைகளை எழுதிவிட்டனர்.

சொல்லாதவிடத்துக் கொள்ளப்படும் இத்தகைய பெறுமானங்கள் கணனி உலகிலே மௌனமாக ஆட்சி செய்கின்றன. அவற்றைப் பிழையெனக் கூறுவதற்கில்லை. ஏதோ ஓர் எண் இருந்தே ஆக வேண்டும். படவரைஞரின் பேனாவுக்கும் தயாரித்தவர் தீர்மானித்த அகலந்தான் இருந்தது. ஆனால் அது பேனாவின் உடலிலே பொறிக்கப்பட்டிருந்தது, எடுக்கும்போதே கண்ணிற்பட்டது. செய்நிரலில் எழுதப்படாத எண்ணைக் காண்பதற்கு, அது அங்கே இருக்கின்றது என்ற ஐயமாவது முதலில் எழ வேண்டும்.

யூக்கிளிட்டின் கோட்டையும் போஸ்ற்ஸ்கிறிப்ற் மறக்கவில்லை. அகலம் சுழியம் எனக் கொடுத்தால் என்ன செய்வது? ஒன்றும் வரையாமல் விடுவது கணிதத்துக்கு ஏற்றது. அம்மொழியோ, கருவியால் இயன்ற மிக மெல்லிய கோட்டை, ஒற்றைப் புள்ளி அகலத்தில், வரைந்து கொடுக்கின்றது. திரையில் அது துலக்கமாகத் தெரியும். அங்குலத்துக்கு 300 புள்ளியிடும் பொறியிலும் 0.085 மில்லிமீற்றர் அகலத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். அச்சகத்தில் அங்குலத்துக்கு 2540 புள்ளியிடும் பொறிக்குப் போனால் அதன் அகலம் 0.01 மில்லிமீற்றர், கண்ணுக்கு அனேகமாகப் புலப்படாது. சுழியத்தைப் பயன்படுத்த வேண்டாமென மொழியை ஆக்கியவர்களே தம் கைந்நூலில் அறிவுறுத்தியுள்ளனர். பொறி திருந்தத் திருந்தக் கோடு மறையும் இவ்வேடிக்கைக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

மகளின் படத்திலிருந்த பெரிய சிக்கல் மூலையன்று, எல்லை. கிராம அலுவலர் பிரிவுகளின் எல்லைகளை முறிகோட்டாலும் வீதிகளை முழுக்கோட்டாலும் காட்ட அவள் எண்ணியிருந்தாள். அச்சில் வந்தபோது, கடற்கரையோரத்தில் முறிகோடாக நின்ற எல்லைகள், இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட இடங்களில் முழுக்கோடுகளாகி வீதிகள்போற் காட்சியளித்தன. சில இடங்களில் மட்டும் முறிகோடு அப்படியே இருந்தது ஆளை மேலும் குழப்பியது.

காரணம் பழைய காரணமே. தரவில் ஒவ்வொரு பிரிவும் ஒரு மூடிய உருவமாக, வலஞ்சுழியாக எழுதப்பட்டிருந்தது. அடுத்தடுத்த இரு பிரிவுகளையும் வலஞ்சுழியாகச் சுற்றிவந்தால், பொது எல்லையை ஒன்று வடக்கு நோக்கியும் மற்றது தெற்கு நோக்கியும் கடக்கும். ஒரே எல்லை எதிரெதிர் முனைகளிலிருந்து இருமுறை கீறப்படுகின்றது. 3 மில்லிமீற்றர் கீறி 2 மில்லிமீற்றர் விடும் முறிகோட்டை, 40 மில்லிமீற்றர் நீளமான எல்லையில், இரு முனைகளிலிருந்தும் தொடங்கிக் கீறிப்பார்த்தால், ஒன்று விட்ட இடைவெளியை மற்றது நிரப்பிவிடும், முழுக்கோடு கிடைக்கும். எல்லையின் நீளம் 43 மில்லிமீற்றராயின் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து முறிகோடு பிழைத்துக்கொள்ளும். முனை உருண்டதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு கீற்றும் இருபுறமும் அரை அகலம் நீண்டு இடைவெளியைத் தின்னும். இரு அயலவரும் தத்தம் பக்கத்திலிருந்து ஒழுங்காகவே கீறினர்; இருவரும் சேர்ந்ததும் எல்லை வீதியாயிற்று.

இதனைக் கோட்டின் குணங்களை மாற்றித் தீர்க்க முடியாது. அகலத்தைக் குறைத்தாலும் இடைவெளியைக் கூட்டினாலும் சில இடங்கள் சரியாகிச் சில இடங்கள் கெடும். தீர்வு, எல்லையை இருவருடைய உடைமையாக இருமுறை எழுதாமல் ஒருமுறை மட்டும் எழுதுவது. ஐக்கிய அமெரிக்கக் குடித்தொகைக் கணிப்புப் பணியகம் 1970 ஆம் ஆண்டுக் கணிப்பை முன்னிட்டு உருவாக்கிய தெருத் தரவுகளில் இம்முறை கையாளப்பட்டது. ஒவ்வொரு தெருத்துண்டுக்கும் தொடக்க முனை, இறுதி முனை, இடப்பக்கத்தில் உள்ள பகுதி, வலப்பக்கத்தில் உள்ள பகுதி என நான்கும் குறிக்கப்பட்டன. பகுதிகளின் உருவம் கோடுகளிலிருந்து பெறப்படும். கோடு எப்பகுதிக்கும் சொந்தமாக எழுதப்படுவதில்லை.

தகப்பனார் தம் காலத்தில் இதனை ஒருபோதும் எண்ணிப்பார்க்க நேர்ந்ததில்லை. கையாற் கீறுபவர் ஒருமுறை கீறிய வேலியை அயற்காணிக்காக மறுபடியும் கீறமாட்டார். மகளுக்கோ ஒவ்வோர் எல்லையையும் உருவங்களிலிருந்து பிரித்தெடுத்து, இரட்டித்தவற்றை நீக்கி, இருபுறப் பெயர்களையும் சேர்த்து எழுத மூன்று கிழமைகள் சென்றன. எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதையும் அவளே வகுக்க வேண்டியதாயிற்று. மேற்கே உள்ள முனையைத் தொடக்கமாகக் கொண்டாள். இரு முனைகளும் ஒரே நெடுங்கோட்டில் அமைந்த இடங்களில் தெற்கு முனையைக் கொண்டாள். படத்தின் அடியில், அளவுத்திட்டத்துக்குக் கீழே, எல்லைக்கோட்டின் அகலம் 0.25 மில்லிமீற்றர் எனவும், எல்லை அதன் நடுவே செல்கின்றது எனவும், மூலைகள் சீவப்படவில்லை எனவும் சிற்றெழுத்தில் மூன்று வரிகள் சேர்க்கப்பட்டன.